முதல் மாத மளிகை: எதை எழுதுவது, எதை விடுவது

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்களும் வேலைக்காக வெளியூரில் வீடெடுத்துச் சமைக்கத் தொடங்கியவர்களும் முதல் மாத மளிகைக்கு அம்மாவுக்குத்தான் போன் போடுகிறார்கள். அம்மா மடமடவென்று சொல்லிவிடுவார். ஆனால் அது ஐந்து பேர் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டின் லிஸ்ட். அதைப் பாதியாக்கினால் உங்கள் லிஸ்ட் வந்துவிடாது. அரிசி பாதியாகும். கடுகு ஆகாது, நான்கு பேர் ரசத்துக்கும் இரண்டு பேர் ரசத்துக்கும் தாளிக்கிற கடுகு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வாங்க வேண்டியது, கடைசிப் பக்கத்தில் வாங்கக் கூடாதது. முதல் பக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். கடைசிப் பக்கத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். மாத பில் இறங்குவது அந்தப் பக்கத்தால்தான். கீழே உள்ளதெல்லாம் தமிழ்நாட்டுக் கடைகளையும் இரண்டு பேர் உள்ள வீட்டையும் மனத்தில் வைத்துச் சொல்வது.

முதலில் வேளைக் கணக்கு

மாதத்தில் எத்தனை வேளை வீட்டில் சமைக்கப் போகிறீர்கள் என்று நேர்மையாக எண்ணுங்கள். "தினமும் மூணு வேளையும் சமைப்போம்" என்பது முதல் வார உற்சாகம்.

ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு வேளை சோறு, சனி ஞாயிறில் இரண்டு வேளை என்றால் மாதம் ஏழரை முதல் எட்டுக் கிலோ போதும். இட்லி மாவு வீட்டில் ஆட்டுவதென்றால் வாரம் ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து; ஆக மாதம் நான்கு கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து. துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, புளி அரைக் கிலோ, மிளகாய் வற்றல் கால் கிலோ, சர்க்கரை ஒரு கிலோ. கடுகு, சீரகம், வெந்தயம் தலா 100 கிராம் வாங்கினால் அடுத்த மாதத்துக்கும் வரும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. அப்படிப் பார்த்தால் எல்லா எண்ணெயும் சேர்த்து உங்களுக்கு ஒரு லிட்டர். பஜ்ஜி பிரியர்கள் என்றால் கூடும், அது உங்கள் பாடு.

முதல் மாதம் சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் குறைத்தே வாங்குங்கள். குறைந்தால் தெருமுனையில் கடை இருக்கிறது. மிஞ்சினால் வண்டுதான் சாப்பிடும்.

அரிசியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டையாக வாங்கினால் விலை குறைவு என்று கடைக்காரர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனாலும் முதல் இரண்டு மாதம் மூட்டை எடுக்காதீர்கள். பொன்னி என்ற ஒரே பெயரில் வரும் அரிசியே கடைக்குக் கடை வேறாக இருக்கும். புது அரிசி குழைந்துவிடும்; பழைய அரிசி கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், சோறு உதிரியாக வரும். இரண்டு கிலோ வாங்கி, உங்கள் குக்கரில் வைத்துப் பார்த்து, பிடித்த பிறகு மூட்டைக்குப் போங்கள்.

அப்படிப் போகும்போது மூட்டையில் 26 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையில் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் அந்த வரி இல்லை. ஒரு கிலோ கூடியதன் ரகசியம் அவ்வளவுதான். ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26 என்று இருக்கும்போது மூட்டை விலையை ஒப்பிடாமல் கிலோ விலையை ஒப்பிடுங்கள்.

எந்தக் கடைக்கு எதற்காக

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குவது வசதி, ஆனால் பணம் போகும் வழியும் அதுதான்.

ரேஷன் கார்டிலிருந்து தொடங்குங்கள். புதிதாகக் குடும்ப அட்டை வேண்டுமென்றால் இருவர் பெயரையும் பெற்றோர் வீட்டு அட்டைகளிலிருந்து நீக்க வேண்டும். அதன் பிறகுதான் பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பம். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். துவரம்பருப்பின் வெளிக்கடை விலையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அரிசி இலவசம். அந்தப் புழுங்கலரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காத வீடுகள்கூட இட்லி, தோசைக்கு ஊறப்போடுகின்றன. மாவு நன்றாகவே வரும். பாமாயில் வேண்டாமென்றால் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது அண்ணாச்சி கடை. இதன் அருமை சில்லறையில் இருக்கிறது. 50 கிராம் மிளகு, பத்து ரூபாய்க்குச் சோம்பு, ஒரு சமையலுக்கு மட்டும் வேண்டிய பட்டை கிராம்பு எல்லாம் இங்கேதான் கிடைக்கும். புதுக் குடித்தனத்துக்குத் தேவை இந்தச் சின்ன அளவுகள்தான். கடன் கணக்கு நோட்டு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். "எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லும் மாதத்தில் கை நீளும்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகலாம், ஆனால் லிஸ்டோடு, சாப்பிட்டுவிட்டு, மாதம் ஒரு முறை. அரிசி, பருப்பு கடைசி வரிசையில் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். கூடை எடுங்கள், தள்ளுவண்டி வேண்டாம். கை வலித்தால் நிறுத்திவிடுவீர்கள்.

காய்க்கு உங்கள் ஊரில் உழவர் சந்தை இருக்கிறதா என்று பாருங்கள். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியவை. அன்றைய விலையைப் பலகையில் போட்டுவிடுவதால் பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும் பயமில்லை. காலையிலேயே போக வேண்டும். பையைக் கையில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் கேரி பைக்கு 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடை.

பாலும் தினச் செலவுதான். ஆவினில் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் நாலரை, ஆரஞ்சில் 6. காபிக்காக ஆரஞ்சு வாங்கிவிட்டு அதையே தயிருக்கும் குடிக்கவும் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. தயிர் நீலத்திலேயே உறையும்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கம் விளம்பரம். தகவல் எல்லாம் பின்னால், பொடி எழுத்தில். நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

நிகர எடை முதலில். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். பக்கத்துப் பாக்கெட் பத்து ரூபாய் குறைவாக இருந்தால் அதன் எடையையும் பாருங்கள். உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே 100 கிராம் குறைந்திருக்கலாம். பிஸ்கட், சோப்பு எல்லாவற்றிலும் இந்த விளையாட்டு நடக்கிறது: விலை அப்படியே, எடை இளைத்துவிடும். இப்போது எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நம்பிவிட வேண்டாம். ஷாம்பு பாட்டிலின் மில்லி விலையையும் சாஷேயின் மில்லி விலையையும் போட்டுப் பாருங்கள். பல பிராண்டுகளில் சாஷேதான் ஜெயிக்கும். ஷாம்பை சாஷேயில் விற்கும் வழியைக் காட்டியவர்களில் ஒருவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். குப்பை கூடும் என்பது வேறு கணக்கு.

இரண்டாவது, சேர்பொருள் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. 'பாதாம்' என்று பெரிதாக எழுதிய பானப் பொடியில் முதல் பெயர் சர்க்கரையாக இருந்தால் நீங்கள் வாங்குவது சர்க்கரை. மூன்றாவது, தேதி. நான்காவது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையோடு 14 இலக்க உரிம எண். அது இல்லாத பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

காபிப்பொடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் இருக்கும், 49 வரை போகலாம். சிக்கரி குறையக் குறைய விலை ஏறும். 'அந்த பிராண்டு மலிவு' என்று தோன்றினால் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசிப் பக்கம்

இனி வாங்காதவை. உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பத்து நிமிடத்தில் வீட்டில் ஆகும் வேலைக்குப் பாக்கெட் வாங்குவதில்லை, அரை நாள் பிடிக்கும் வேலைக்கு வாங்கினால் குற்றவுணர்ச்சி கிடையாது.

இஞ்சி பூண்டு விழுது முதல் ஆள். இஞ்சி, பூண்டு போக உப்பு, எண்ணெய், புளிப்புக்கு ஒரு அமிலம், கெடாமல் இருக்க ஒரு பதப்பொருள் என்று பட்டியல் நீளும். வாசனை மட்டும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மிக்சியில் ஒரு சுற்று விட்டு, கொஞ்சம் உப்பும் எண்ணெயும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் வாரம் ஓடும். புளி பேஸ்ட்டும் இதே கதை. வெந்நீரில் போட்டால் பத்து நிமிடத்தில் கரையும் பொருளுக்கு எதற்குப் பாட்டில்?

சிக்கன் மசாலா, மட்டன் மசாலா, மீன் குழம்பு மசாலா, முட்டை மசாலா என்று தனித்தனிப் பெட்டிகள். நான்கின் பின்பக்கத்தையும் வரிசையாக வைத்துப் படியுங்கள். மல்லி, மிளகாய், மஞ்சள், மிளகு, சீரகம் எல்லாவற்றிலும் வரும். மாறுவது பட்டை, சோம்பு, வெந்தயத்தின் அளவு. வீட்டில் ஒரு நல்ல குழம்புப் பொடியும் கொஞ்சம் கரம் மசாலாவும் இருந்தால் நான்கையும் சமைக்கலாம். திறந்த பெட்டியில் முக்கால்வாசி மிஞ்சி வாசனை போவதுதான் இவற்றின் வழக்கமான முடிவு.

பாலில் கலக்கும் 'சத்து பானங்கள்'. பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பிலிருந்து நீக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. ருசிக்காகக் குடிப்பதென்றால் குடியுங்கள், உடம்புக்காக என்று லிஸ்டில் எழுத வேண்டாம்.

ஐஸ்கிரீம் டப்பாவில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று சின்னதாக எழுதியிருந்தால் அதில் இருப்பது பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு. கெடுதல் என்று சொல்ல வரவில்லை. ஐஸ்கிரீம் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவே.

பளீரென்ற மஞ்சள் வெல்லம் வேண்டாம். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுப்பது உண்டு. பழுப்பாக, கொஞ்சம் அழுக்காகத் தெரிவதை எடுங்கள். கருப்பட்டி என்ற பெயரில் சர்க்கரைப் பாகைக் கலந்து விற்பதும் நடக்கிறது; விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

குளியல் சோப்பில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) என்று ஒரு சதவீதம் இருக்கும். 76 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் தரம். 'பேதிங் பார்' என்று எழுதியிருந்தால் அது சோப்பு வகையிலேயே வராது. ஒரே விலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

விளக்கேற்றும் எண்ணெய் பாட்டில்கள் நல்லெண்ணெய் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், படமும் எள்ளுதான். அவசரத்தில் எடுத்துவந்து சமைத்துவிடாதீர்கள்.

சரி, பெரியவர்கள் திட்டினாலும் வாங்கலாம் என்று நான் சொல்லும் பொருள்கள்: அப்பளம், வடகம், சேமியா, மாதம் ஒரு சின்னப் பாட்டில் ஊறுகாய். இருவரும் ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் என்றால் இட்லி மாவும். தெருவிலேயே கிரைண்டர் வைத்து ஆட்டி விற்கும் வீடுகளில் அன்றைய மாவு கிடைத்தால் அதுவே நல்லது. கடை மாவு என்றால் பை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்; உப்பியிருந்தால் புளித்துத் தள்ளிவிட்டது, தோசைக்கு மட்டும்தான் ஆகும்.

செக்கு எண்ணெய்க்கு ஒரு கணக்கு

மரச்செக்கு என்ற பலகை இன்று தெருவுக்குத் தெரு தொங்குகிறது. எதை நம்புவது என்று கேட்டால், ருசி, நிறம் எல்லாம் அப்புறம்; முதலில் காகிதத்தில் போடுங்கள். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அதே தெருவில் நல்ல கடலைப் பருப்பு கிலோ என்ன விலை என்று விசாரித்து இரண்டேகாலால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழியுங்கள், ஆட்டுகூலியைக் கூட்டுங்கள். வரும் தொகையைவிட வெகுவாகக் குறைத்து ஒருவர் விற்றால் அந்தக் கேனில் கடலை எண்ணெய் மட்டும் இருக்க வழியில்லை. தேங்காய் எண்ணெய்க்கும் இதே முறை: லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கொப்பரை.

கணக்குப் பார்த்தால் செக்கு எண்ணெய் விலை ரீஃபைண்டைவிட நிறையக் கூடும் என்பது புரியும். பட்ஜெட் இடிக்கிறதா? தாளிக்க, இட்லிப் பொடிக்குக் குழைக்கச் செக்கு நல்லெண்ணெய் கால் லிட்டர், பொரிக்க ரீஃபைண்ட். எல்லாவற்றுக்கும் செக்கு என்று வீறாப்பாக ஆரம்பித்தவர்கள் நாலாவது மாதம் விட்டுவிடுவார்கள்.

லேபிள் இல்லாத, அளந்து ஊற்றும் எண்ணெயைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கண் முன்னால் ஆட்டித் தரும் செக்கு மட்டும் விதிவிலக்கு. 'பிளெண்டட்' என்று எழுதிய பாக்கெட்டில் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். முன்பக்கப் படத்தில் இருக்கும் எண்ணெய் சிறுபங்காக இருக்கலாம்.

குழம்புப் பொடி: மில்லுக்குப் போகும் நாள்

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும் என்பதால் இது அளவுகோலுக்கு விதிவிலக்கு. மல்லி அரைக் கிலோ, மிளகாய் வற்றல் கால் கிலோ, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம் தலா 50 கிராம், வெந்தயம் 20 கிராம், விரலி மஞ்சள் 25 கிராம். நிறத்துக்கு நீட்டு மிளகாய், காரத்துக்கு ராமநாதபுரம் குண்டு. பாதிப் பாதி போடலாம். மல்லியையும் மிளகாயையும் இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள், மிளகாய் கையில் நொறுங்க வேண்டும். அடுக்குமாடியில் வெயில் இல்லாதவர்கள் வாணலியில் தனித்தனியாக, எண்ணெய் இல்லாமல், வாசனை வரும் வரை சூடுகாட்டலாம்.

மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன ஓடியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீயக்காய் அரைத்த மெஷினில் உங்கள் மல்லி இறங்கினால் மூன்று மாதம் சாம்பார் தலைமுழுகிய வாசனைதான். சில மில்களில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் அரைக்க மாட்டார்கள், மேலே சொன்ன அளவு அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கும், மல்லியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பொடி சூடாக வரும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே டப்பா. சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி கட்டும்.

விரலி மஞ்சளைத் தனியாகக் கொஞ்சம் அரைத்து வைத்துக்கொண்டால் பாக்கெட் மஞ்சள்தூளையும் லிஸ்டிலிருந்து அடித்துவிடலாம். அதில் சாயம் கலப்பது பழைய புகார்.

டப்பாக்கள்

ரவையை வாங்கியதும் வெறும் வாணலியில் லேசாக வறுத்து வையுங்கள், புழு வைக்காது. பயறு, கொண்டைக்கடலையைக் கால் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். சீக்கிரம் ஓட்டை விழும். அரிசி டப்பாவில் காய்ந்த வேப்பிலையோ நாலு வற்றல் மிளகாயோ. பழைய பருப்பின் மேல் புதுப் பருப்பைக் கொட்டாதீர்கள். பழையதை மேலே வரும்படி மாற்றிப் போடுங்கள். புளி மாசி, பங்குனியில் புதிதாக இறங்கும்போது மலிவு. கொட்டை நீக்கி உப்புக் கலந்து ஜாடியில் அடைத்தால் வருஷம் தாங்கும். ஆனால் அது இரண்டாம் வருஷ வேலை.

மாதக் கடைசியில்

28ஆம் தேதி வாக்கில் எல்லா டப்பாக்களையும் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் இருப்பது அடுத்த மாதம் லிஸ்டில் வராது. இரண்டு மாதம் தொடாமல் இருப்பது கடைசிப் பக்கத்துக்குப் போகும். ஓட்ஸ், கீன்வா, பாஸ்தா சாஸ் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேர்கின்றன. தீர்ந்துபோய் நடுவில் ஓடி வாங்கியது எதுவோ அதன் அளவைக் கூட்டி எழுதுங்கள்.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வாங்கியவற்றின் தேதியையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஊருக்குப் போய் வந்தால் பையில் புளி, நல்லெண்ணெய், வடகம் எல்லாம் வரும். வந்த அன்றே நோட்டை எடுத்து அடுத்த லிஸ்டில் அவற்றை அடித்துவிடுங்கள். தீபாவளி மாதத்து லிஸ்டைத் தனித்தாளில் எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த மாதத்து மைதாவும் டால்டாவும் தை மாத லிஸ்டிலும் ஒட்டிக்கொண்டு வரும்.